அக்காவோட காது மிஷின்

நம்ம ஸ்கூல் குரூப்புல ஒரு வாரமா ரேடியோ படமாப் போட்டுத் தாக்கறீங்க. ஒருத்தி அவங்க பெரியப்பா கல்யாணத்துக்கு வந்த டேப் ரெக்கார்டரத் தொடச்சி, பொட்டு வெச்சி, படம் புடிச்சி அனுப்புறா. பழச ரிப்பேர் பண்றதா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கறதான்னு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சி சண்ட வேற. அறுபதத் தொடப் போறோம், இன்னும் சண்டைக்கு மட்டும் கொறச்சல் இல்ல. நடுவுல என்னயும் இழுத்து, "நீ மட்டும் இன்னா கம்முனு கெடக்கற, உங்க ஊட்டுல இன்னா இருந்துச்சி?"ன்னு கேட்டீங்க. கேட்டுட்டீங்க இல்ல, அனுபவிங்க. பாதி படிச்சிட்டு சிவப்பு இதயம் போடறவங்க யாரும் போட வேணாம்.

எங்க ஊட்டுல ரேடியோ இல்ல. இருந்தா மட்டும் யாரு காதுல உழப் போவுது? ஊடும் தறிக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழ. நாலு விசைத்தறி. கரண்டு வந்ததும் ஆரம்பிச்சா, கரண்டு போனாத்தான் நிக்கும். நீங்கள்லாம் பஜார்காரங்க, மலையடிவாரத்துக்காரங்க. எங்க தெருப் பக்கம் வந்தா காதப் பொத்திக்கினு ஓடுவீங்களே, ஞாபகம் இருக்குதா? நாங்க அதுக்குள்ளயே தின்னு, தூங்கி, வளந்தோம்.

எங்க ஊட்டுல பேச்சுன்னா வாய அசைக்கறதுதான். தறிச் சத்தத்துல கத்தினா தொண்டதான் போவும். எங்கப்பாவ நாங்க நைனான்னு கூப்புடுவோம், ஊட்டுல பாதி தெலுங்கு. நைனா அந்தக் கோடித் தறியில நின்னுக்கினு சோறு ஆச்சான்னு வாய அசைப்பாரு. அம்மா இந்தக் கோடியிலேர்ந்து, வெந்துகினு இருக்குதுன்னு அசைப்பாங்க. சண்டையே அப்படித்தான் போடுவாங்க. வெளியாளு பாத்தா ரெண்டு பேரும் வெத்தல மெல்றாங்கன்னு நெனப்பான்.

இந்த வாய் பாக்கற வித்தையில எங்கக்காவ அடிச்சிக்க ஆளே இல்ல. எனக்கு ஆறு வயசு பெரியவ. எதிர்ப் பக்கம் குழாயடியில ரெண்டு பொம்பளைங்க குசுகுசுன்னு பேசறத, எங்க ஊட்டு ஜன்னல்லேர்ந்தே பாத்து அப்படியே ஒப்பிப்பா. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. எமகாதகி, எமகாதகின்னு அம்மா கன்னத்தக் கிள்ளுவாங்க. பேச்சு வந்தப்புறம் கொஞ்சங்கொஞ்சமா அவளுக்குக் காது போயிடுச்சின்றது ஒருத்தருக்கும் தோணல. பாத்தீங்களா இந்தக் கூத்த! மூணாவதுல டீச்சர் அவள மந்தம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நைனா தறியில நிறுத்திட்டாரு. தறிகிட்ட எல்லாரும் செவிடுதானே, அவ யாருக்கும் கொறஞ்சவளா தெரியல.

அவளுக்குப் பதினேழு வயசு இருக்கும். கரண்டு இல்லாத ஒரு மத்தியானம் அவ முதுகுக்குப் பின்னாடி பித்தள அண்டா உருண்டு உழுந்துச்சி. பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. அவ மட்டும் திரும்பல, உக்காந்து பூ கட்டிக்கினு இருந்தா. அம்மா அவ பின்னாடி போயி நின்னு கையத் தட்டினாங்க, பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க, அப்புறம் வாய்ல முந்தானைய வெச்சிக்கினு அழுதாங்க.

அப்புறம் எங்கியோ காதுக்கு இலவச முகாம் போட்டாங்கன்னு கூட்டிக்கினு போயி, ஒரு மிஷின் வாங்கினு வந்தாங்க. இப்ப மாரி காதுக்குள்ள ஒளிஞ்சிக்கறது இல்ல. சிகரெட் பெட்டி சைசுல சாம்பக் கலர் டப்பா, உள்ள ஒரு பென்சில் பேட்டரி, அதுலேர்ந்து ஒரு ஒயரு, ஒயரு நுனியில காதுல சொருவற குமிழ். மட்டமான சாமான்தான். டப்பாவ வெக்க அம்மா லுங்கித் துணியில ஒரு சின்னப் பை தெச்சிக் குடுத்தாங்க. அது கழுத்துலேர்ந்து தொங்கும், மேல தாவணி மூடிக்கும்.

அந்த ஒரு வருசத்த எப்படிச் சொல்றது? மொத நாளு அம்மா கொழம்பு தாளிச்சாங்க. அக்கா துள்ளிக் குதிச்சி எழுந்து அடுப்பாண்ட ஓடினா. "இத்தினி நாளா கடுகு சத்தம் போட்டுக்கினா இருந்துச்சி? ஒருத்தராவது எங்கிட்ட சொன்னீங்களாடி?"ன்னு என்னயப் புடிச்சி உலுக்கினா. பல்லி கத்தறது, பால் பொங்கறது, கொடியில துணி காத்துல அடிச்சிக்கறது, எல்லாத்துக்கும் "அது இன்னா, இது இன்னா"ன்னு உசுர வாங்குவா. என் குரலக் கேட்டுட்டு, "உன்னுது இப்படி பூனக்குட்டி மாரி கீச்சுன்னு இருக்கும்னு நான் நெனைக்கல"ன்னு சிரிச்சா. நான் மூணு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினேன்.

தறிகிட்ட போறப்போ கழட்டி வெச்சிடுவா, அந்தச் சத்தம் மிஷின் வழியா போனா மண்டையப் பொளக்குமாம். அதனால அவளுக்குக் கரண்டு போனாத்தான் திருநாளு. நாங்க எல்லாம் மின்சாரக்காரங்களத் திட்டிக்கினு இருப்போம், அவ கையக் கழுவிக்கினு ஓடிப் போயி மிஷின மாட்டிக்கினு வந்து என் முன்னாடி உக்காருவா. "பேசுடி." எதப் பேசறது? உங்களப் பத்தித்தான் பேசுவேன். யாரு யாரு கூட டூ, கணக்கு டீச்சர்கிட்ட யாரு அடி வாங்கினது, எல்லாம் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல ஏறாத எழுத்தகூட ஆரம்பிச்சோம். அ, ஆ முடிச்சி, க, ங, ச வரைக்கும் வந்தா.

நாம ஏழாவது போன வருசம், ஆனி மாசம், மிஷின் மக்கர் பண்ண ஆரம்பிச்சிச்சி. கரகரன்னும். கழுத்த ஒரு பக்கமா சாச்சி வெச்சிக்கினா கேக்கும், நிமிந்தா போயிடும். பத்து நாளு கழுத்த சாச்சிக்கினே திரிஞ்சா. அப்புறம் அதுவும் இல்ல.

ஊட்டுல பஞ்சாயத்து. அம்மா, பஜார்ல ரேடியோ ரிப்பேர் பண்றவருகிட்ட குடுத்துப் பாக்கலாம்னாங்க. நைனாவுக்கு ரோசம். "ஓசியில வந்தது ஓசியிலயே போச்சி. அதுக்கு ஒட்டுப் போட்டுக்கினு இருக்கணுமா? ஆடிக் கிருத்திக முடியட்டும், மெட்ராஸ் போயி நல்லதாப் புதுசு வாங்கினு வரேன்"ன்னாரு. அக்காவ ஒருத்தரும் கேக்கல. அவளா வந்து நைனா கையப் புடிச்சிக்கினா. "புதுசு வேணாம் நைனா. இதே வேணும். புதுசுல உங்க குரலெல்லாம் மாறிடும்." அவ நாங்க பேசறதக் கேட்டதே அந்த டப்பா வழியாத்தானே? அதுக்குள்ளதான் நாங்க இருக்கோம்னு நெனச்சிக்கினு இருந்தா போல. நைனா சிரிச்சிட்டு, ரிப்பேருக்கே குடுக்கச் சொன்னாரு. நான்தான் கொண்டு போயி குடுத்தேன். ரேடியோக்கடைக்காரரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மெட்ராஸ்லேர்ந்து சாமான் வரணும், நாளாகும்னாரு.

இதுக்கு நடுவுலதான் எங்க மாமா வந்தாரு, அம்மா கூடப் பொறந்தவரு. ஆர்.கே.பேட்டையில ஒரு வரன், எட்டுத் தறி வெச்சிருக்காங்க, ஒரே புள்ள. "காது விசயம்?"னு அம்மா கேட்டாங்க. மாமா அசரல. "எட்டுத் தறி ஓடற ஊட்டுல யாருக்குக் காது கேக்குது? இங்க பதினேழு வருசம் பெத்தவங்களுக்கே தெரியல, அவங்களுக்கு எங்கேர்ந்து தெரியப் போவுது?"ன்னாரு. அவரு கெட்டவரு இல்லங்க. எங்க மேல உசுரு. அவரு சொன்னது எங்களுக்கு ஞாயமாவே பட்டுச்சி, அதான் கொடும.

பொண்ணு பாக்கறதுக்கு அவரு ஒரு யோசன பண்ணாரு பாருங்க, எங்க சாதி சனம் தவுர யாருக்கும் தோணாது. தறி ஓடற நேரமாப் பாத்து அவங்கள வரச் சொல்லிட்டாரு. வேல தெரிஞ்ச பொண்ணுதானே வேணும், வேல செய்யறதயே பாக்கட்டும்னு. நாலு தறியும் ஓடுது. அக்கா ரெண்டு தறிய ஒத்தையாப் பாத்துக்கினு நிக்கறா. மாப்ளயோட அம்மா எதிர்ல நின்னு, பேரு இன்னா, சமைக்கத் தெரியுமா, எத்தினி வருசமா தறி ஓட்டறேன்னு வாய அசைக்குது. அக்கா டாண் டாண்னு பதில் சொல்றா. அந்தம்மா மொகம் பூத்துப் போச்சி. அவங்க ஊட்டு ஆளுங்களே அவ்ளோ வெரசா வாய் பாக்க மாட்டாங்களாம்.

அப்ப பாத்து கரண்டு போச்சி. தறிக்கூடம் பொட்டுன்னு அடங்கிடுச்சி. மாப்ள அக்காவுக்குப் பின்னாடி நின்னுக்கினு, ரொம்ப மெதுவா, "என்னய புடிச்சிருக்குதா?"ன்னு கேட்டாரு. அக்கா அறுந்த இழைய முடிஞ்சிக்கினு நிக்கறா. மாமா மொகம் வெளுத்துப் போச்சி. நான் ஓடிப் போயி அக்கா இடுப்பக் கட்டிக்கினு, "அவளுக்கு வெக்கம். புடிச்சிருக்குதாம்!"னு கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. மாப்ளயும் சிரிச்சாரு, நல்ல சிரிப்பு. மாமா என் தலையத் தடவிக் குடுத்தாரு. அந்த நிமிசம் எனக்கு இருந்த கர்வம் இருக்குதே, இப்ப நெனச்சா என்னையே ஓங்கி அறையணும் போல இருக்குது.

ஆவணியில கல்யாணம்னு பேசி முடிச்சாங்க. ஆடி வந்துச்சி. கிருத்திகைக்கு நம்ம ஊரு எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆந்திரா பக்கத்துலேர்ந்தும் இந்தப் பக்கத்துலேர்ந்தும் மஞ்சத் துணியா வந்து கொட்டும். மொட்டத் தலையில சந்தனம், பூக்காவடி, வேர்வ நாத்தம், கற்பூரப் பொக. மொத வருசம் மிஷின் மாட்டிக்கினு சரவணப் பொய்கையாண்ட நின்னு, அரோகரா சத்தத்தக் கேட்டு ஓன்னு அழுதவ எங்கக்கா. இந்த வருசம் அதே படியில என் பக்கத்துல நின்னா. ஆயிரம் வாய் ஒரே மாரி தெறந்து தெறந்து மூடறதப் பாத்துக்கினு இருந்தா. "ரேடியோக்கடைல எப்பக் குடுப்பாங்களாம்?"னு கேட்டா. "அடுத்த வாரம்"னேன். கல்யாணத்துக்குள்ள வந்துடணும்னு அவளுக்கு ஆச. அங்க போயி அந்தாளு பேசறதக் கேக்கணுமாம். அவரு குரலு எப்படி இருந்துச்சின்னு எங்கிட்ட நூறு வாட்டி கேட்டிருப்பா.

அடுத்த வாரம் ஸ்கூல் உட்டு வரப்போ கடைக்குப் போனேன். ரேடியோக்கடைக்காரரு என்னயப் பாத்ததும் சிரிச்சாரு. "டப்பாவுல ஒண்ணும் கோளாறு இல்ல பாப்பா. ஒயருதான் உள்ளுக்குள்ள அறுந்து கெடந்துச்சி. வேற ஒயரு போட்டுட்டேன், இனிமே இழுத்தாலும் அறுவாது"ன்னு சொல்லி, குமிழ என் காதுல சொருவினாரு. பஸ்சு, சைக்கிள் மணி, பூக்காரம்மா, எல்லாம் ஒண்ணா வந்து மோதிச்சி. அவருக்கு நன்றிகூட சொல்லல. டப்பாவ நெஞ்சோட அணச்சிக்கினு ஓடினேன். அப்படி ஒரு ஓட்டம் என் வாழ்க்கையில அப்புறம் நான் ஓடல.

வாசல்ல மாமாவும் நைனாவும் கல்யாணப் பேச்சு பேசிக்கினு உக்காந்திருந்தாங்க. அம்மா செம்புல தண்ணி வெச்சிக்கினு நின்னாங்க. "மாமா, ஆயிடுச்சி!"ன்னேன். மாமா டப்பாவ வாங்கி நைனா கையில குடுத்தாரு. "இத இப்ப அவகிட்ட குடுத்தா, மாட்டிக்கினுதான் மணையில உக்காருவேன்னு அடம் புடிப்பா. ஒயரப் பாத்தா கத முடிஞ்சிது. மூணு மாசம் போவட்டும், புள்ள நல்லா ஒட்டிக்கட்டும். அப்புறம் நானே கொண்டு போயி குடுக்கறேன்"னாரு. நைனா டப்பாவ கொஞ்ச நேரம் உள்ளங்கையிலயே வெச்சிக்கினு இருந்தாரு. அப்புறம் எங்கிட்ட, "ரிப்பேர் ஆவாதுன்னு சொல்லிட்டாங்கன்னு அவகிட்ட சொல்லிடுமா"ன்னாரு. அம்மா செம்ப எடுத்துக்கினு உள்ள போயிட்டாங்க.

ஏன் நானு? நைனாவுக்கு மீச, சோறு தண்ணின்னா புரியும், நீளமா பேசினா வாய் சரியாத் தெரியாது. மாமா எப்பவும் வெத்தல. அம்மா அழுதுடுவாங்க. அக்கா சந்தேகமே இல்லாம நம்பற வாய் ஊட்டுல ஒண்ணே ஒண்ணுதான், அது என்னுது.

தறி ஓடிக்கினு இருந்துச்சி. என்னயப் பாத்ததும் அவளே கேட்டா, இன்னா சொன்னாருன்னு. "ரிப்பேர் ஆவாதாம்"னு வாய அசைச்சேன். அவ கைப்புடியத் தள்ளித் தறிய நிறுத்திட்டு, கிட்ட வந்து என் மொகத்த வெளிச்சத்துப் பக்கம் திருப்பினா. "திரும்பச் சொல்லு." நான் திரும்பச் சொன்னேன். நிறுத்தி, நிதானமா, ஒவ்வொரு எழுத்தும் தெரியற மாரி சொன்னேன். கொஞ்ச நேரம் என் உதட்டயே பாத்துக்கினு இருந்தா. அப்புறம் "சரி"ன்னுட்டு போயி தறியப் போட்டா.

கல்யாணம் ஆன நாலாம் நாளே அங்க கரண்டு போயிடுச்சி. மாமியா கூப்புட்டு, கூப்புட்டு, திமிருன்னு நெனச்சி முதுகுல ஒண்ணு வெச்சப்புறம்தான் விசயமே தெரிஞ்சிது. எட்டு பேரு வண்டி கட்டிக்கினு சண்டைக்கு வந்தாங்க. எங்க மாமா தெருவுல நின்னு, மலையப் பாத்துக் கைய நீட்டி, "எங்களுக்கே தெரியாது, அந்த முருகன் மேல ஆணை"ன்னு சத்தியம் பண்ணிட்டாரு. நைனா தலையக் குனிஞ்சிக்கினு நின்னாரு. அதோட போச்சி. தெரியவே தெரியாதுன்னு மலை மேல ஆணையிட்ட ஊட்டுலேர்ந்து காது மிஷின் எப்படிப் போவும்? பழசும் குடுக்க முடியாது, புதுசு வாங்கித் தந்தா முன்னாடியே ஒண்ணு இருந்துச்சின்னு அவ வாய்லேர்ந்து வந்துடும்.

தீபாவளிக்கு அம்மாவுக்குத்தான் மனசு கேக்கல. பலகாரத் தூக்குல ஒளிச்சி அனுப்பலாம்னு பொட்டிக்கு அடியிலேர்ந்து டப்பாவ எடுத்தாங்க. பேட்டரிய யாரும் கழட்டல. அது ஒழுகி, உள்ள பச்சையும் வெள்ளையுமா பூத்து, எல்லாத்தையும் தின்னுட்டிருந்துச்சி. ரேடியோக்கடைக்காரரு ஒரு பார்வதான் பாத்தாரு. "இது இனிமே ரிப்பேர் ஆவாதும்மா"ன்னாரு. நான் சொன்னது நெஜமாயிடுச்சி, பாத்துக்குங்க.

அக்கா ஊட்டுக்காரரு, நாங்க பாவான்னு கூப்புடுவோம், அவள அனுப்பிடல. எட்டுத் தறிக்கு ஆளு வேணுமே. அவளுக்குப் பேரு செவிடுன்னு ஆச்சி, பேசி இன்னா பிரயோசனம்னு பாவா பேசறத உட்டுட்டாரு. மூணு புள்ளைங்க. ஒண்ணோட குரலும் அவ கேக்கல. அதுங்க பொறந்த கொஞ்ச நாள்லயே கத்துக்கினுச்சிங்க, அம்மாவ கூப்புடாது, வந்து தொடும்.

நீங்க கேப்பீங்க, நீ டீச்சர் வேலைக்குப் போயி கை நெறைய சம்பளம் வாங்கினியே, நீயாவது ஒண்ணு வாங்கித் தந்திருக்கலாமேன்னு. தந்திருக்கலாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் நெனைப்பேன். வாங்கித் தந்தா, பழசு இன்னா ஆச்சின்னு கேப்பாளோன்னு ஒரு பயம். அந்தப் பயத்துலயே முப்பது வருசம் ஓடிப் போச்சி. போன வருசம் ஒரு வழியா இழுத்துக்கினு போனேன். காது டாக்டரு மெத்தப் பெரிய மிஷினெல்லாம் வெச்சிப் பாத்துட்டு, இப்ப ஒண்ணும் மிச்சமில்லம்மா, அப்பவே போட்டிருந்தா கொஞ்ச காலம் ஓடியிருக்கும்னாரு.

சரி, காதுதான் போச்சி, உண்மையயாவது சொல்லிடலாம்னு போன மாசம் ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். போயி பாத்தா அவளுக்குக் கண்ணும் போயிட்டிருக்குது. சக்கர. எதிர்ல ஆளு நிக்கறது நெழலாட்டம் தெரியுமாம், மொகம் தெரியாதாம். எழுத்தும் தெரியாது, க, ங, சவோட நின்னவதானே. பாவா தவறிப் போயி ரெண்டு வருசமாச்சி. கட்டில்ல ஒண்டியா உக்காந்திருந்தா. நான் கையத் தொட்டதும் கண்டுபுடிச்சிட்டா. "வந்துட்டியாடி"ன்னு சிரிச்சா.

மத்தியானம். கரண்டு இல்ல. கிட்ட உக்காந்து, அவ ரெண்டு வெரல எடுத்து என் உதட்டு மேல வெச்சிக்கினேன். நிறுத்தி, நிதானமா சொன்னேன். அந்த மிஷின் அன்னிக்கே ரிப்பேர் ஆயிடுச்சிக்கா. நல்லா கேட்டுச்சிக்கா. நான்தான் பொய் சொன்னேன்.

வெரல எடுக்காம மண்டைய சாச்சி யோசிச்சா. "புரியலடி"ன்னா. திரும்பச் சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன். அவ கை என் கன்னத்துக்கு வந்து, ஈரத்தத் தொட்டுட்டு, அப்படியே நின்னுச்சி.

"இன்னாத்துக்குடி அழுவுற? உன் பொண்ணுக்கு எதுனா நிச்சயமா? நல்ல சேதிதானே?"

அவ உள்ளங்கை என் கன்னத்துல இருந்துச்சி. நான் தலைய ஆட்டினேன், ஆங்னு.